ஆடி ஞாயிறு அன்னைக்கே ஆகஸ்ட் 9 வந்தா?

கேள்வி:

மேடம், நான் பிறந்து வளர்ந்தது எல்லாமே சிங்கப்பூர், தோ பாயோல. எங்க தாத்தா மன்னார்குடி பக்கத்துல இருந்து கப்பல் ஏறிப் போனவரு. போன தை மாசம் கல்யாணம் ஆகி இப்ப மடிப்பாக்கத்துல மாமனார் மாமியாரோட இருக்கேன். ஆகஸ்ட் 9 எங்க தேசிய தினம், வெளிநாட்டுல இருந்துக்கிட்டு அந்த நாளை பாக்கறது எனக்கு இதுதான் முதல் தடவை. வீட்டுல கொண்டாடலாமான்னு கேட்டா என் வீட்டுக்காரர் "ஆறு நாள்ல ஆகஸ்ட் 15 வருதே, அது போதாதா"ங்கறாரு. அத்தை "சொந்த ஊருக்கே திரும்பி வந்துட்டே, இன்னும் என்னம்மா சிங்கப்பூர்"ங்கறாங்க. இந்த வருஷம் அது ஆடி ஞாயித்துக்கிழமை வேற, தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க, நான் கூடவே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு போறதும் டிக்கெட் செலவுன்னு இல்லாம போச்சு. போன வாரம் போன்ல ஒரு தேசிய தின பாட்டு வந்துச்சு, பாத்ரூம்ல தண்ணிய திறந்து விட்டுட்டு அழுதேன். எனக்கு இங்க யாரும் எந்த குறையும் வைக்கல. நான் நன்றி கெட்டவளா? தமிழ் பொண்ணா இருந்துட்டு இப்படி நினைக்கறது தப்பா?

பதில்:

தப்பே இல்லமா. முதல்ல இதை சொல்லிடறேன், ஏன்னா உங்க லெட்டர்ல நீங்க கேட்ட கேள்வியை விட அந்த "யாரும் குறை வைக்கல"ங்கற வரிதான் எனக்கு ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. குறை இல்லாத இடத்துல அழுகை வந்தா நமக்கு நம்ம மேலயே கோவம் வரும், இவ்வளவு நல்லவங்க நடுவுல இருந்துட்டு எனக்கு என்ன கேடுன்னு தோணும், அப்புறம் அதை யார்கிட்டயும் சொல்ல முடியாம தண்ணிய திறந்து விட்டுட்டு அழணும். பதினாறு வருஷமா கவுன்சலிங் பண்றேன், கல்யாணம் ஆகி வேற ஊருக்கு வந்த பொண்ணுங்க எத்தனையோ பேர் என் முன்னாடி உக்காந்து இதே வார்த்தைய சொல்லியிருக்காங்க. ஆனா உங்களுக்கு அவங்க யாருக்கும் இல்லாத ஒரு சிக்கல் இருக்கு, அதைத்தான் நாம முதல்ல பேசணும்.

அத்தை "திரும்பி வந்துட்டே"ன்னு சொல்றாங்க இல்லையா, அந்த ஒரு வார்த்தைதான் முடிச்சு. நீங்க எங்கயும் திரும்பி வரல. ஊரை விட்டு போனது உங்க தாத்தா, அவர் திரும்பி வந்திருந்தா அதுக்கு பேரு திரும்பி வர்றது. நீங்க பிறந்த ஊரை விட்டு கிளம்பி முதல் தடவையா ஒரு புது ஊருக்கு குடி வந்திருக்கீங்க. மீனம்பாக்கத்துல இறங்குனப்ப உங்களை வெளிநாட்டு பாஸ்போர்ட் கியூலதான் நிக்க வச்சிருப்பாங்க, ஆனா அங்கிருந்து கார்ல ஏறி மடிப்பாக்கம் வர்றதுக்குள்ள நீங்க "நம்ம ஊரு பொண்ணு" ஆயிட்டீங்க. முகம் தமிழ், பேரு தமிழ், பேசறது தமிழ், அதனால உங்களுக்கு இங்க எதுவும் புதுசா இருக்கும்னு யாருக்கும் தோணவே இல்ல. இதே உங்க வீட்டுக்காரர் ஒரு பிரெஞ்சு பொண்ணையோ ஜப்பான் பொண்ணையோ கட்டிக்கிட்டு வந்திருந்தா, அவங்க நாட்டு தேசிய தினம்னு சொன்ன உடனே அத்தையே கேசரி கிண்டி இருப்பாங்க. உங்களுக்கு அந்த சலுகை கிடைக்கல, காரணம் யாரோட கெட்ட மனசும் இல்ல, உங்களை ரொம்ப சொந்தமா நினைச்சுட்டாங்க, அவ்வளவுதான். அந்த பாசத்துக்குள்ள உங்க ஊரு காணாம போகுது, அதான் வலிக்குது.

எனக்கு இது கொஞ்சம் தெரியும். படிக்கறதுக்காக ஒரு வருஷம் இங்கிலாந்துல இருந்தேன், அந்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஹாஸ்டல்ல தீசிஸ் எழுதற டென்ஷன்ல உக்காந்திருக்கேன், ஜன்னலுக்கு வெளிய சாதாரணமா பஸ் போகுது, யாருக்கும் அது எந்த நாளும் இல்ல. ஸ்கூல் படிக்கற காலத்துல அந்த நாள் மேல எனக்கு பெருசா பக்தி எல்லாம் இருந்ததில்ல, வெயில்ல நிக்க விடறாங்கன்னு திட்டிக்கிட்டே போவேன். ஆனா அன்னைக்கு திடீர்னு கஞ்சி போட்ட யூனிஃபார்ம் வாசனை வந்த மாதிரி இருந்துச்சு, கொடிய இழுத்த உடனே அதுக்குள்ள முடிஞ்சு வச்ச ரோஜா இதழும் சாமந்தியும் பிடி சார் தலையில கொட்டுமே அது, அப்புறம் வரிசையில நின்னு வாங்குற ஆரஞ்சு மிட்டாய், உள்ளங்கையில ஒட்டிக்கிட்டு வரவே வராது. கிச்சன்ல போய் நின்னுட்டேன். பக்கத்து ரூம்ல ஒரு நைஜீரியா பொண்ணு, என்ன ஆச்சுன்னு கேட்டா, சொன்னேன். அவ உடனே எங்களுக்கு அக்டோபர் 1, அன்னைக்கு நீ எனக்கு சமைச்சு குடு, இன்னைக்கு நான் உனக்கு சமைக்கறேன்னு சொல்லிட்டு அரிசிய எடுத்து கழுவ ஆரம்பிச்சுட்டா. அவ என்கிட்ட ஒண்ணும் விளக்கம் கேக்கல. நான் சொன்னேன், அவ கேட்டா, அது போதுமா இருந்துச்சு.

அதனால உங்களுக்கு நான் சொல்ற முதல் வேலை, உங்களுக்கு எது இல்லைன்னு வலிக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. நாடு, தேசம்னு பெரிய வார்த்தை வேணாம். அப்பா ஹெச்டிபி பிளாக், அந்த அரசாங்க அடுக்குமாடி வீட்டு காரிடார் கம்பியில கொடிய கட்டறதா, மாடி மாடியா வரிசையா செவப்பு வெள்ளையா தெரியறதா, தேசிய தின பரேட் டிக்கெட் கிடைச்ச வருஷம் குடுத்த பை நிறைய சாமானா, பாராசூட்ல குதிக்கறவங்களை எண்ணறதா, இல்ல பக்கத்து வீட்டு மலாய் அக்கா குடுத்த சாப்பாடா? எழுதிட்டு அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க. பத்தையும் மடிப்பாக்கத்துக்கு கொண்டு வர முடியாது, கொண்டு வர பாத்தா எதுவுமே அந்த மாதிரி இல்லையேன்னு சாயங்காலம் இன்னும் அழுகைதான் வரும். ஒண்ணை நல்லா பண்ணுங்க.

என்னை கேட்டா சாப்பாடுன்னு சொல்வேன், ஏன்னா சாப்பாடுன்னா யாரும் சண்டை போட மாட்டாங்க, அதுவும் ஆடி ஞாயித்துக்கிழமை உங்களுக்கு எதிரின்னு நினைக்கறீங்க பாருங்க, அதுதான் உங்களுக்கு பெரிய தோஸ்து. நாசி லெமாக், அதான் உங்க ஊரு தேங்காய்ப்பால் சோறு, பண்றதுக்கு என்ன வேணும், தேங்காய்ப்பால், நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, வெள்ளரிக்காய், சம்பல். கூழுக்கு தொட்டுக்க கருவாட்டுக் குழம்பு வைக்கறதுக்காக அந்த வாரம் மெட்ராஸ் மார்க்கெட் பூரா கருவாடு குவிஞ்சு கிடக்கும், அத்தை எப்படியும் வாங்குவாங்க, அதோட ஒரு கால் கிலோ நெத்திலி கருவாடு சேத்து வாங்க சொல்லுங்க. நீங்க அங்க இக்கான் பிலிஸ்னு சொல்றது இங்க நெத்திலி கருவாடுதான். தலைய கிள்ளி போட்டுட்டு ரெண்டு தண்ணி அலசி நல்லா உலர்த்தி எண்ணெயில மொறுமொறுன்னு வறுங்க, ஈரம் இருந்தா வெடிக்கும். சம்பலுக்கு போடற பிளாச்சான், அந்த இறால் விழுது, கிடைக்கலன்னு கவலைப்படாதீங்க, சென்னாக்கூனின்னு பொடி இறால் காய வச்சு விப்பாங்க, அதை வெறும் சட்டியில வறுத்து மிளகா சின்ன வெங்காயத்தோட அரைச்சா கிட்டத்தட்ட அந்த வாசனை வந்துடும். இது எனக்கு பினாங்குல இருந்து இங்க வாழ வந்த ஒரு அம்மா சொல்லிக் குடுத்தது. சாதத்துல போடற அந்த பாண்டான் இலைய இங்க ரம்பைன்னு கேளுங்க, நர்சரில தொட்டியாவே கிடைக்கும், ஒரு தொட்டி வாங்கி பால்கனில வச்சுட்டீங்கன்னா அடுத்த வருஷத்துக்கும் ஆச்சு.

கொடி விஷயம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், கேக்கலன்னாலும் சொல்றேன். பால்கனில தொங்க விடறதை இந்த முதல் வருஷம் விட்டுடுங்க. அங்க ஜூலை 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் வீட்டுக்கு வெளிய கொடி தொங்க விடலாம்னு வழக்கமே இருக்கு, அதனால உங்க கைக்கு அது தானா வர்ற பழக்கம். இங்க கீழ் வீட்டுக்காரங்க எது என்ன கொடின்னு கேக்க, அத்தை பதில் சொல்ல முடியாம நிக்க, அந்த நாள் உங்க நாளா இருக்காம அக்கம்பக்கத்து பஞ்சாயத்தா போயிடும். ஹால்ல ஒரு சின்ன கொடி, நீங்க ஒரு செவப்பு டாப், போதும்.

இப்ப வீட்டுக்காரர். அவர் "ஆகஸ்ட் 15 போதாதா"ன்னு கேட்டது உங்களுக்கு ஊசி மாதிரி குத்தி இருக்கும், ஆனா அவர் அதை ஒரு கணக்கு மாதிரி சொல்லியிருக்காரு, ரெண்டும் சுதந்திர தினம், ஒண்ணு கொண்டாடினா ஆச்சுன்னு. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு அவருக்கு தெரியாது, சொல்லுங்க. 1947ல நாம வெள்ளைக்காரன்கிட்ட இருந்து வாங்குனோம், அது ஜெயிச்ச நாள். உங்க நாள் அப்படி பொறக்கல. 1965 ஆகஸ்ட் 9 அன்னைக்கு மலேசியாவுல இருந்து பிரிஞ்சு தனியா நிக்க வேண்டி வந்துச்சு, அன்னைக்கு பத்திரிகைக்காரங்க முன்னாடி பேசும்போது உங்க முதல் பிரதமர் லீ குவான் யூ டிவியில கண்ணு கலங்கி அழுதாரு. பிரிவுல பொறந்த நாள் அது. அம்மா அப்பாவ விட்டு பிரிஞ்சு வந்த முதல் வருஷத்துல ஒரு பொண்ணு அந்த நாளை நினைச்சு அழுதா அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? இதை அவர்கிட்ட இதே மாதிரி, ராத்திரி சாப்பிட்டு முடிச்சு டிவிய அணைச்சப்புறம், குற்றம் சொல்ற குரல் இல்லாம சொல்லுங்க. "என் கூட அன்னைக்கு ரெண்டு மணி நேரம் உக்காருங்க, அது மட்டும் வேணும்"னு தெளிவா கேளுங்க. நம்ம ஆம்பளைங்களுக்கு "நீங்க என்னை புரிஞ்சுக்கவே இல்ல"ன்னு சொன்னா பயம் வந்து ஒதுங்கிடறாங்க, மூணரை மணிக்கு வந்து பக்கத்துல உக்காருங்கன்னு சொன்னா வந்து உக்காருவாங்க. எத்தனையோ வீட்டுல இதை பாத்திருக்கேன்.

மூணரைன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. அங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க சாயங்காலம் ஆறுன்னா நமக்கு மதியம் மூணரை. கோயில்ல கூழ் ஊத்தறது மதியத்துக்குள்ள முடிஞ்சுடும், எல்லாரும் வீட்டுக்கு வந்து கால் நீட்டற நேரத்துல அங்க பரேட் நடந்துக்கிட்டு இருக்கும், நெட்ல நேரலையில போட்டு பாக்கலாம். ஒரு விஷயத்துக்கு மட்டும் மனச தயார் பண்ணிக்கோங்க, அங்க இருட்டுன அப்புறம் வாணவேடிக்கை விடும்போது நமக்கு ஆறு மணி கூட ஆகியிருக்காது, ஜன்னல்ல மடிப்பாக்கம் வெயில் இன்னும் இருக்கும், தெருவுல தண்ணி லாரி சத்தம் கேக்கும். ஸ்கிரீன்ல ராத்திரி, வீட்டுல பகல். அந்த அஞ்சு நிமிஷம்தான் ரொம்ப தூரத்துல இருக்கோம்னு அடிக்கும். ஹால் ஜன்னல் திரைய இழுத்து விட்டு லைட்டை அணைச்சுட்டு பாருங்க. அழுகை வந்தா அழுங்க, அன்னைக்கு பாத்ரூம்ல வேணாம், வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்திருக்கும்போதே அழுங்க. அம்மா அப்பாவுக்கு வீடியோ கால் பரேட் முடிஞ்சதும் ஒரு தடவை, நல்லா பேசிட்டு வச்சுடுங்க. நாள் பூரா வீடியோ காலை ஆன்லயே வச்சுக்கிட்டு இருந்தா நீங்க அங்கயும் இல்ல இங்கயும் இல்லன்னு ஆயிடும்.

உங்க மாமனார் மாமியாருக்கும் அதுல பாக்க விஷயம் இருக்கு. உங்க பர்ஸ்ல சிங்கப்பூர் சில்லறை ஏதாவது கிடந்தா ஒரு காசை எடுத்து மாமா கையில குடுங்க. அதுல சின்ன எழுத்துல "சிங்கப்பூர்"னு தமிழ்லயே இருக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டு அதை அவரே படிக்கட்டும். தமிழ்நாட்டுல பெத்தவங்களுக்கு ஒரு வெளிநாட்டு காசுல தமிழ் இருக்குன்னா அதுக்கு மேல நீங்க விளக்கவே வேணாம். ஸ்கூல்ல தினமும் நீங்க நெஞ்சுல கை வச்சு சொன்ன உறுதிமொழிய 1966ல எழுதுனது ராஜரத்தினம், யாழ்ப்பாணத்துல பொறந்த தமிழரு, அந்த நாட்டோட முதல் வெளியுறவு மந்திரி, இதையும் சொல்லுங்க. உங்க தாத்தா ஊர்ப் பக்கம் எல்லாம் 2015ல லீ குவான் யூ இறந்தப்ப தெருத்தெருவா கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சாங்க, மன்னார்குடி பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் அங்க சம்பாதிக்க போயிருக்காங்கன்னு சொல்ற அளவுக்கு. அந்த ஊரு சோறு போட்டதை நம்ம ஜனங்க மறக்கல, அங்கயே பொறந்து வளந்த நீங்க ஏன் மறக்கணும்?

நன்றி கெட்டவளான்னு கேட்டீங்களே, அதுக்கு என் தொழில்ல இருந்து ஒரே ஒரு விஷயம் சொல்றேன். கனடால ஜான் பெர்ரின்னு ஒரு சைக்காலஜிஸ்ட், நாடு விட்டு நாடு போனவங்களை பத்தி ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணவரு. அவர் சொல்றது, வந்த இடத்துல நாலு மாதிரி வாழலாம், பழசை விட்டுட்டு முழுசா புதுசுல கரையலாம், புதுசை ஒதுக்கிட்டு பழசுலயே இருக்கலாம், ரெண்டும் இல்லாம தொங்கலாம், இல்ல ரெண்டையும் வச்சுக்கலாம். ரெண்டையும் வச்சுக்கறவங்கதான் பொதுவா மனசளவுல நல்லா இருக்காங்க. அத்தை ஆசையா கேக்கறது முதல் வழி, நீங்க பாத்ரூம்ல ஒளிச்சு வச்சிருக்கறது ரெண்டாவது. ரெண்டையும் வச்சுக்கணும்னா அது வெளிச்சத்துல நடக்கணும், ஹால்ல நடக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு சொல்றேன்.

அதனால ஆகஸ்ட் 15ம் மனசார போங்க. காலையில உங்க தெருவுலயோ அசோசியேஷன்லயோ கொடியேத்துவாங்க, வீட்டுக்காரர் கூட போய் நில்லுங்க, கொடியில இருந்து பூ கொட்டறதை பாருங்க, மிட்டாய் வாங்கிக்கோங்க. டிவியில கோட்டையில முதலமைச்சர் கொடியேத்தறதை காட்டுவாங்க, மாநிலத்து முதல்வர்களுக்கு அந்த உரிமைய 1974ல கேட்டு வாங்குனதே நம்ம ஊரு முதல்வர் கலைஞர்தான்னு மாமா கட்டாயம் ஒரு கதை சொல்வாரு, கேளுங்க. 9ஆம் தேதி அவர் உங்க காசை கையில வாங்கி பாத்தாரு இல்ல, அது மாதிரி இது.

இன்னொண்ணு, சென்னையிலயே சிங்கப்பூர் துணைத் தூதரகம் இருக்கு, வெளிநாட்டுல இருக்கற குடிமக்கள் ஆன்லைன்ல பேரை பதிவு பண்ணிக்கறதுக்கும் உங்க வெளியுறவு அமைச்சகத்துல வசதி இருக்கு, பண்ணி வச்சுடுங்க, பல விதத்துல உதவும். உங்களை மாதிரி இங்க வாழ வந்த சிங்கப்பூர் பொண்ணுங்க ஒண்ணு ரெண்டு பேரை தெரிஞ்சு வச்சுக்கறது ரொம்ப முக்கியம், எல்லாத்தையும் விளக்கி விளக்கி சொல்ல வேண்டாத ஒரு ஆளு எல்லாருக்கும் வேணும்.

அழுகை ஆகஸ்ட் 9 சுத்தி வந்துட்டு போச்சுன்னா அது ஊர் ஏக்கம், நல்ல நாள் பெரிய நாள்ல அது அலை மாதிரி வரும், பயப்பட வேணாம். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் அழுகை, தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லன்னு போச்சுன்னா தள்ளிப் போடாம ஒரு டாக்டரையோ கவுன்சலரையோ பாருங்க. 14416க்கு போன் பண்ணாலும் போதும், அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம்.

அத்தைகிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் உங்களுக்கு பெரிய தயக்கமா இருக்கும். ஆடி மாசம் புதுசா கட்டிக்கிட்டு வந்த பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பற மாசம், அது அவங்களுக்கே நல்லா தெரியும், அவங்களையும் யாரோ சீர் வச்சு அழைச்சுக்கிட்டு போயிருப்பாங்க. உங்களை அனுப்ப முடியலைங்கறது அவங்க மனசுலயும் எங்கயோ ஒரு ஓரத்துல இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கூழுக்கு கேழ்வரகு மாவு கரைச்சு வச்சு நொய் வேக வச்சு அடுப்பு பக்கத்துலயே நின்னு கிண்டிக்கிட்டு இருப்பாங்க, கை வலிக்கற வேலை அது. பக்கத்துல போய் அந்த துடுப்பை வாங்கிக்கோங்க. கொஞ்ச நேரம் நீங்க கிண்டுங்க. அப்புறம் சொல்லுங்க, "அத்தை, ஆடிக்கு என்னால அம்மா வீட்டுக்கு போக முடியல, நாளைக்கு கோயில் வேலை எல்லாம் முடிச்சுட்டு மூணரைக்கு மேல அம்மா வீட்டை இங்க கொண்டு வரட்டுமா, எங்க ஊரு தேங்காய்ப்பால் சோறு பண்றேன், நீங்களும் மாமாவும் என் கூட உக்காரணும்"னு. அடி பிடிச்சுடாம பாத்துக்கோங்க, பேசிக்கிட்டே கிண்டும்போது கை நின்னுடும்.